இணைய நிலவியல் வரைபடத்தில் பிழையா? அறிகுறியை வைத்துக் காரணத்தைப் பிடிக்கும் வழி

ஒரு பகுதியின் தரையில் எங்கே வண்டல், எங்கே மணற்கல், எங்கே கிரானைட் என்று காட்டும் வரைபடத்தை இணையத்தில் திறந்து வைத்துவிட்டால், அதைப் பார்க்க வருபவர்கள் பலவகை. கிணறு தோண்டுபவர், சாலைப் பொறியாளர், ஆசிரியர், மனை வாங்கப் போகிறவர் என்று யாரும் வரலாம். அவர்களில் பெரும்பாலோருக்கு நிலவியல் தெரியாது, தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. திரையில் தெரிவதை அப்படியே நம்புவார்கள். அதனால் இந்த வரைபடத்தில் ஒரு பிழையை விட்டுவைப்பது சாதாரண விஷயம் இல்லை.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் ஒரு சோதனை செய்யுங்கள். இணையத்தில் தப்பாகத் தெரிகிற இடத்தை மூலக் கோப்பில், அதாவது கியூஜிஐஎஸ் போன்ற மென்பொருளில் திறந்து பாருங்கள். அங்கே சரியாக இருந்தால் பிழை வெளியீட்டில் இருக்கிறது. அங்கேயும் தப்பென்றால் அந்தக் கோப்பை உருவாக்க ஸ்கேன் செய்த பழைய வரைபடத் தாளைப் பாருங்கள். தாளிலும் அப்படியே இருந்தால் கணினியில் தேடிப் பயனில்லை, அது களத்துக்குப் போய்த் தீர்க்க வேண்டிய சங்கதி. பிழை எந்தப் படியில் பிறந்ததோ அந்தப் படியில் திருத்துங்கள். கீழே வரும் எல்லாத் தீர்வுகளும் இந்த ஒரு விதியின் மேல்தான் நிற்கின்றன.

## வரைபடம் முழுவதும் இடம் மாறி நிற்கிறது

எவ்வளவு தூரம் மாறியிருக்கிறது என்பதைப் பார்த்தாலே பாதிக் காரணம் தெரிந்துவிடும்.

ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடாவில், அட்சமும் தீர்க்கமும் பூஜ்யமாகிற இடத்தில், முழு வரைபடமும் ஒரு புள்ளியாகச் சுருங்கிக் கிடந்தால், பாகையில் உள்ள எண்களை மென்பொருள் மீட்டர் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. வரைபடத் தரவைச் சேமிக்கும் ஷேப் கோப்புடன், எண்கள் எந்த ஆள்கூற்று முறையில் (இடத்தை எண்களால் குறிக்கும் முறை) உள்ளன என்று சொல்லும் பிஆர்ஜே கோப்பும் வர வேண்டும். அது காணாமல் போய், யாரோ ஊகமாக ஒரு முறையைக் கொடுத்திருப்பார்கள். எண்களைப் பாருங்கள்: 180-ஐத் தாண்டாதவை என்றால் பெரும்பாலும் பாகை, லட்சக்கணக்கில் இருந்தால் மீட்டர். இங்கே பலர் இடறும் ஒரு விஷயம் உண்டு. 'லேயருக்கு (வரைபடத்தின் ஒரு தரவு அடுக்கு) ஆள்கூற்று முறையைக் குறிப்பிடு' என்பது வேறு, 'வேறு முறைக்கு மாற்று' என்பது வேறு. முதலாவது பெயர்ப்பலகையை மட்டும் மாற்றும், இரண்டாவது எண்களையே மாற்றும். பெயர்ப்பலகை தப்பாக இருக்கும்போது எண்களை மாற்றினால் பிழை கோப்புக்குள் நிரந்தரமாகக் குடியேறிவிடும். முதலில் சரியான பெயரைக் கொடுங்கள். அப்புறம் தேவையென்றால் மாற்றுங்கள்.

கிழக்கும் வடக்கும் இடம் மாறி, வரைபடம் உலகின் வேறெங்கோ கவிழ்ந்து கிடக்கிறதா? அட்சமும் தீர்க்கமும் வரிசை மாறியிருக்கின்றன. ஜியோஜேசான் என்ற இணைய வரைபடக் கோப்பு வடிவத்தில் தீர்க்கம்தான் முதலில் வரும். ஆனால் வரைபடத்தைப் படமாக அனுப்பும் டபிள்யூஎம்எஸ் 1.3.0 சேவையில் இபிஎஸ்ஜி 4326 என்ற அட்ச தீர்க்க ஆள்கூற்று முறையைக் கேட்டால் அட்சம் முதலில் வர வேண்டும். அதற்கு முந்தைய 1.1.1 பதிப்பில் தீர்க்கம் முதலில். சேவையின் பதிப்பெண்ணைச் சரிபார்த்தால் போதும்.

சில பத்து மீட்டரிலிருந்து சில நூறு மீட்டர் வரை, எல்லா இடத்திலும் ஒரே திசையில், ஒரே அளவில் தள்ளி நின்றால் அது டேட்டம், அதாவது ஆள்கூறுகளை அளக்க எடுத்துக்கொண்ட புவி மாதிரி, தொடர்பான பிரச்சினை. தெற்காசியப் பழைய தாள்கள் எவரெஸ்ட் 1830 நீள்வட்டத்தை வைத்து வரையப்பட்டவை, இன்றைய ஜிபிஎஸ் டபிள்யூஜிஎஸ் 84-ஐ வைத்து இயங்குகிறது. இரண்டுக்கும் இடையே சரியான உருமாற்றத்தைத் தேர்ந்தெடுங்கள். ஓர் ஆற்று வளைவை வைத்துக்கொண்டு கையால் இழுத்துப் பொருத்த வேண்டாம். ஆறு இடம் மாறியிருக்கலாம்.

நடுவில் சரியாகப் பொருந்தி, மூலைக்குப் போகப் போகத் தவறு கூடினால் ஸ்கேன் செய்த தாளைப் புவியில் பொருத்திய விதத்தில் கோளாறு. தாள் ஈரத்தில் நீளும், வெயிலில் சுருங்கும், இரண்டு பக்கமும் ஒரே அளவில் அல்ல. பொருத்தும் புள்ளிகளாகச் சாலைச் சந்திப்புகளை எடுக்காமல், தாளிலேயே அச்சான அட்ச தீர்க்கக் கோடுகள் வெட்டும் இடங்களை எடுங்கள். மென்பொருள் காட்டும் சராசரிப் பிழை குறைவாக இருப்பதைக் கண்டு மட்டும் நிம்மதி அடைய வேண்டாம். படத்தை வளைத்துப் பொருத்தும் 'தின் பிளேட் ஸ்பிளைன்' முறையில் நீங்கள் கொடுத்த புள்ளிகளில் பிழை எப்போதும் பூஜ்யமாகத்தான் வரும், அந்த முறையின் கணக்கே அப்படி. பொருத்தப் பயன்படுத்தாத சில புள்ளிகளைத் தனியே வைத்திருந்து அவற்றில் சோதியுங்கள்.

## பாறைப் பகுதிகளுக்கு நடுவே வெள்ளைக் கீற்று

பெரிதாக்கிப் பாருங்கள். எவ்வளவு பெரிதாக்கினாலும் கீற்று ஒரு மயிரிழை அளவிலேயே இருந்தால் அது திரையில் ஓரங்களை மென்மையாக்கும்போது வருவது. தரவில் ஒன்றும் இல்லை. பகுதியின் உள்நிறத்திலேயே மெல்லிய ஓரக்கோடு கொடுத்தால் மறைந்துவிடும்.

பெரிதாக்கப் பெரிதாக்கக் கீற்றும் அகன்றால் அது உண்மையான இடைவெளி. கிளிக் செய்தால் இரண்டு பாறைப் பெயர்கள் வருகிற இடம் இதன் மறுபக்கம்: அங்கே இரண்டு பகுதிகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறியிருக்கின்றன. பொதுவான எல்லையை இரண்டு முறை தனித்தனியாக வரைந்ததால் வருவது இது. ஒவ்வொரு பாலிகனையும் (பகுதியைக் காட்டும் மூடிய உருவம்) தனித்தனியே எளிமையாக்கினாலும், அதாவது எல்லையில் உள்ள முனைகளைக் குறைத்தாலும், வரும். பக்கத்துப் பாலிகன் எந்த முனையை விட்டது, எதை வைத்தது என்பது அந்தக் கருவிக்குத் தெரியாது. எல்லைகளைப் பகிர்ந்துகொள்ளும் தன்மையைக் காக்கும் கருவியில், உதாரணமாக மேப்ஷேப்பரில், எளிமையாக்குங்கள்.

ஆனால் நிலையான தீர்வு, பாலிகனை மூலமாக வைத்துக்கொள்வதையே விட்டுவிடுவது. பாறை எல்லைகளைக் கோடுகளாக மட்டும் வரையுங்கள். ஒவ்வொரு பகுதிக்குள்ளும் பாறைக் குறியீடு கொண்ட ஒரு புள்ளி வையுங்கள். பாலிகன்களைக் கோடுகளிலிருந்து கணினியே கட்டட்டும். எல்லையைத் திருத்தினால் கோட்டைத் திருத்தி மறுபடி கட்டினால் போதும், கீற்று வர வழியே இல்லை. கூடுதல் லாபம் ஒன்றும் உண்டு: எந்த எல்லை உறுதியானது, எது ஊகம் என்பதைக் கோட்டில்தான் எழுதி வைக்க முடியும், பாலிகனில் முடியாது.

ஓர் எச்சரிக்கை. கீற்றை மூட 'ஸ்நாப்' தூரத்தை, அதாவது அருகருகே உள்ள கோடுகளை மென்பொருள் தானே ஒட்டவைக்கும் தூரத்தை, தாராளமாகக் கூட்டிவிடாதீர்கள். டைக் எனப்படும் குறுகிய பாறைச் சுவர்கள் அந்தத் தூரத்துக்குள் அடங்கி, இரண்டு ஓரமும் ஒட்டி, சத்தமில்லாமல் காணாமல் போய்விடும். திருத்துவதற்கு முன்னும் பின்னும் பகுதிகளின் எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பாருங்கள்.

## பாறை ஒரு நேர்கோட்டில் சட்டென்று முடிகிறது

இணைய நிலவியல் வரைபடங்களில் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் அறிகுறி இதுதான். மஞ்சளாக வந்துகொண்டிருந்த படிவு, சரியாகக் கிழக்கு மேற்காகவோ வடக்கு தெற்காகவோ ஓடும் ஒரு கோட்டில் நின்று, அந்தப் பக்கம் இளஞ்சிவப்பு தொடங்குகிறது. பார்ப்பவர் அங்கே நிலம் பிளந்து பெயர்ந்திருக்கிறது என்று நினைப்பார். அது பழைய தாள்களின் விளிம்பு. காரணத்தை இந்த வரிசையில் தேடுங்கள்.

எல்லைக் கோடுகள் எல்லாம் விளிம்பில் ஒரே அளவு விலகி நிற்கின்றனவா? அப்படியானால் இது இடப் பிழை, முதல் அறிகுறிக்குத் திரும்புங்கள்.

கோடுகள் பொருந்துகின்றன, பெயரும் நிறமும்தான் வேறு என்றால் பெயரிட்ட காலம் வேறு. பழைய தாள் 'டெர்ஷியரி' என்று சொல்லும் நிலவியல் காலத்தைப் புதிய தாள் பேலியோஜீன், நியோஜீன் என்று பிரித்துச் சொல்லும். இன்னும் நுட்பமானது குவாட்டர்னரி என்ற நிலவியல் காலம். 2009-இல் அதன் தொடக்கம் ஏறக்குறைய 18 லட்சம் ஆண்டுகளுக்கு முன் என்பதிலிருந்து 25.8 லட்சம் ஆண்டுகளுக்கு முன் என்று பின்தள்ளப்பட்டது. அதனால் முன்பு பிளையோசீன் (குவாட்டர்னரிக்கு முந்தைய காலம்) என்று வண்ணம் பூசிய அடுக்கு ஒன்று, புதிய தாளில் பிளைஸ்டோசீனாக (குவாட்டர்னரியின் முதற்பகுதி) மாறியிருக்கலாம். யாரும் தவறு செய்யவில்லை, அடுக்கும் மாறவில்லை. இதற்கு ஒரு பொருத்த அட்டவணை தயாரியுங்கள். தாளில் இருந்த பெயரை ஒரு நெடுவரிசையில் எழுத்து மாறாமல் வைத்திருந்து, பக்கத்து நெடுவரிசையில் இன்றைய பொதுப்பெயரை எழுதுங்கள். பழைய பெயரின் மேலேயே புதியதை எழுதிவிட்டால் நாளை வகைப்பாடு மாறும்போது திரும்பிப் போக வழி இருக்காது.

ஒரு பக்கம் முழுக்க வண்டலும் மண்ணும், மறுபக்கம் முழுக்கப் பாறையா? ஒருவர் தரையின் மேல் கிடப்பதை வரைந்திருக்கிறார், மற்றவர் அதற்கு அடியில் இருப்பதை வரைந்திருக்கிறார். இரண்டும் சரி. இவற்றை ஒரே லேயரில் தைக்க முயன்றால் எந்தத் தையலும் நிற்காது. மேற்படிவுக்கும் அடிப்பாறைக்கும் தனித்தனி லேயர் வேண்டும். பிரிட்டிஷ் நிலவியல் ஆய்வு நிறுவனம் தன் 1:50,000 எண்ணிம வரைபடத்தை அடிப்பாறை, மேற்படிவு, சரிந்து இறங்கிய நிலம், மனிதர்கள் கொட்டிய அல்லது தோண்டிய நிலம் என்று நான்காகப் பிரித்து வைத்திருக்கிறது. கட்டடம் கட்டுபவருக்கு மேற்படிவும், சுரங்கம் தேடுபவருக்கு அடிப்பாறையும் தேவைப்படும். பிரித்து வைத்தால் இருவருக்கும் பதில் கிடைக்கும். ஒரு பக்கத்தில் மேற்படிவை யாருமே ஆய்வு செய்யவில்லை என்றால் அங்கே 'ஆய்வு செய்யப்படவில்லை' என்று போடுங்கள். வெறுமையாக விட்டால் அங்கே மேற்படிவே இல்லை என்று அர்த்தமாகிவிடும்.

இதையெல்லாம் தாண்டியும் பொருந்தாத இடங்கள் மிஞ்சும். ஒரே பாறையை இரண்டு நிலவியலாளர்கள் இரண்டு விதமாகப் படித்திருப்பார்கள். இங்கே வளைகோடு ஒன்றை வரைந்து அழகாக இணைத்துவிடும் ஆசை வரும். தயவுசெய்து வேண்டாம். யாரும் பார்க்காத எல்லை ஒன்றைப் பார்த்ததாகச் சொல்வது அது. அந்தக் கோட்டுக்குத் 'தாள் விளிம்பு' என்று வகை கொடுத்து, மெல்லிய சாம்பல் நிறத்தில் காட்டுங்கள். அதைக் கிளிக் செய்தால் இரண்டு பக்கமும் எந்தெந்த ஆண்டில் ஆய்வு செய்யப்பட்டன என்று தெரியட்டும். களத்துக்குப் போகும்போது எங்கே போக வேண்டும் என்பதற்கு அந்தச் சாம்பல் கோடுகளே பட்டியல்.

## கிளிக் செய்தால் வெறுமை, குறியீடு, அல்லது கட்டம் கட்டமாக எழுத்து

பாறை விளக்கம் வராமல் குறியீடு மட்டும் வந்தால் இரண்டு அட்டவணைகள் இணையவில்லை. குறியீட்டின் கடைசியில் ஒட்டியிருக்கும் வெற்றிடம், பெரிய எழுத்து சிறிய எழுத்து வேறுபாடு, எண் என்று நினைத்து மென்பொருள் விழுங்கிய முன்பூஜ்யம் ஆகிய மூன்றில் ஒன்றுதான் வழக்கமான குற்றவாளி.

விளக்கம் பாதியில் அறுந்து வந்தால் ஷேப் கோப்பைச் சந்தேகப்படுங்கள். அதில் ஓர் எழுத்துக் களம் 254 பைட்டுக்கு மேல் தாங்காது, நெடுவரிசையின் பெயர் 10 பைட்டைத் தாண்டக் கூடாது. ஆங்கிலத்தில் எழுதுபவர்கள் இதைச் சமாளித்துவிடுகிறார்கள். நமக்கு இது மூன்று மடங்கு இறுக்கம். யுடிஎஃப்-8 குறியேற்றத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட் போகிறது, புள்ளியும் கொம்பும் காலும்கூடத் தனித்தனிக் குறிகள்தான். 'மணற்கல்' என்று எழுதவே 21 பைட் ஆகிறது. ஆக, விளக்கத்துக்கு 84 குறிகள், நெடுவரிசைப் பெயருக்கு 3 குறிகள், அவ்வளவுதான் இடம். ஒரு குறியின் நடுவிலேயே வெட்டு விழுந்தால் கடைசியில் கேள்விக்குறியோ கட்டமோ தெரியும். தமிழில் விளக்கம் எழுதும் எந்த வரைபடத்துக்கும் ஷேப் கோப்பை மூலமாக வைக்காதீர்கள். ஜியோபேக்கேஜ் என்ற கோப்பு வடிவத்துக்கு மாறிவிடுங்கள், இந்த வரம்புகள் அங்கே இல்லை.

எல்லா எழுத்தும் கட்டமாகவோ குப்பையாகவோ வந்தால், ஷேப் கோப்புடன், எழுத்தின் குறியேற்றத்தைச் சொல்லும் சிபிஜி கோப்பு இருக்கிறதா, அதில் யுடிஎஃப்-8 என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஆங்கில எழுத்துகளும் குறிகளும் கலந்து வந்தால் மூலத்தைப் பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருக்கிறார்கள். யூனிகோடுக்கு மாற்றி, பாறைப் பெயர்களை ஒவ்வொன்றாகக் கண்ணால் சரிபாருங்கள்.

## பெரிதாக்கினால் எல்லை ஒரு வீட்டின் நடுவே ஓடுகிறது

"என் வீட்டில் பாதி களிமண், பாதி பாறையா?" என்று கேள்வி வரும். கேட்பவர் மேல் தவறில்லை, வரைபடம்தான் அப்படிச் சொல்லியிருக்கிறது.

1:50,000 தாளில் அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள கோடு தரையில் 25 மீட்டர். 1:2,50,000 தாளில் அதுவே 125 மீட்டர். அது பேனாவின் தடிமன் மட்டும்தான். பாறை மண்ணுக்குள் மறைந்திருக்கும் இடத்தில் எல்லையின் உண்மையான நிச்சயமின்மை அதைவிடப் பல மடங்கு இருக்கலாம். தாளில் இருந்தவரை யாரும் தாளை விரித்து வீட்டைத் தேடவில்லை. இணையத்தில் விரலை அகட்டினால் போதும்.

செய்ய வேண்டியவை: லேயருக்கு ஜூம் வரம்பு வையுங்கள். 1:50,000 தரவு 1:25,000-ஐத் தாண்டினால் மங்கட்டும் அல்லது மறையட்டும், அங்கே ஒரு வரிச் செய்தி தோன்றட்டும். வரம்பு வைத்தால் பயனர்கள் எரிச்சல்படுவார்கள் என்று சிலர் தயங்குவதுண்டு. தப்பான இடத்தில் அடித்தளம் போட்டபின் வரும் வருத்தத்தோடு ஒப்பிட்டால் அந்த எரிச்சல் ஒன்றுமில்லை.

அடுத்து, கோடுகளின் பாணியைப் பாருங்கள். தாளில் உறுதியான எல்லை முழுக்கோடாகவும், தோராயமானதும் ஊகமும் விட்டுவிட்ட கோடாகவும், மண்ணுக்கு அடியில் மறைந்தது புள்ளிக்கோடாகவும் இருந்திருக்கும். இணையத்தில் எல்லாமே முழுக்கோடாகிவிட்டனவா? ஜியோஜேசான் வடிவத்தில் பாணி கூடவே போகாது, வடிவத்தை மாற்றும்போது அது உதிர்ந்திருக்கும். நிலவியலாளர் கவனமாக எழுதிய "எனக்கு நிச்சயமில்லை" என்ற வாக்கியம் இந்த இடத்தில் அழிந்துபோகிறது. என் பார்வையில் இந்தப் பட்டியலிலேயே மிகப் பெரிய இழப்பு அதுதான். பாணியை நம்பாமல் அதைத் தரவாகவே எழுதுங்கள். அமெரிக்க நிலவியல் ஆய்வு நிறுவனம் 2020-இல் நிலவியல் வரைபடத் தரவுக்காக வெளியிட்ட ஜெம்ஸ் தரநிலை ஒவ்வொரு கோட்டுக்கும் மூன்று விஷயங்களைக் கேட்கிறது: இந்த எல்லை உண்மையில் இருக்கிறது என்பதில் எவ்வளவு உறுதி, இது இன்ன வகை என்பதில் எவ்வளவு உறுதி, இடத்தில் எத்தனை மீட்டர் முன்பின். இந்த மூன்றும் இருந்தால் எந்த மென்பொருளிலும் கோட்டின் பாணியைத் திரும்ப உருவாக்கலாம்.

## வண்டல் மலையேறுகிறது

புதிய உயரத் தரவிலிருந்து எடுத்த, மேடு பள்ளத்தை நிழலாகக் காட்டும் நிழல்படத்தின் மேல் பழைய எல்லைகளைப் போட்டால், ஆற்று வண்டல் குன்றின் சரிவில் ஏறி நிற்கும். எங்கும் ஒரே திசையில் என்றால் டேட்டம். சில இடங்களில் மட்டும் என்றால், அந்தக் காலத்து அடிப்படை வரைபடத்தில் ஓடையே தப்பான இடத்தில் இருந்திருக்கலாம். நிலவியலாளர் ஓடையைப் பார்த்து அதற்கு ஒட்டி எல்லையை வரைந்தார். ஓடையோடு அவருடைய கணக்கு சரிதான். எனவே ஓடை எவ்வளவு நகர்கிறதோ அவ்வளவு எல்லையையும் நகர்த்துங்கள்.

இதைத் தானியங்கிக் கருவியிடம் விட வேண்டாம். கிடைமட்டமாகப் படுத்த அடுக்கின் எல்லை சம உயரக் கோட்டை ஒட்டியே போகும். செங்குத்தான எல்லை மேடு பள்ளத்தைச் சட்டை செய்யாமல் நேராகப் போகும். சாய்ந்த அடுக்கு பள்ளத்தாக்கைக் கடக்கும்போது கூர்முனையாக வளையும். 'சரிவு மாறும் இடத்தில் ஒட்டு' என்ற கட்டளைக்கு இந்த வேறுபாடு தெரியாது.

## சாய்வுக் குறிகள் தப்பான திசையில்

பாறை அடுக்கு எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கிறது என்பதைக் காட்டும் சிறு குறிகள் இவை. எல்லாம் 90 பாகை திரும்பியிருந்தால், குறிப்பேட்டில் இருப்பது சாய்வுத் திசை, மென்பொருள் எதிர்பார்ப்பது ஸ்ட்ரைக், அதாவது அடுக்கின் மேல் கிடைமட்டமாக ஓடும் கோட்டின் திசை. வலக்கை விதிப்படி (ஸ்ட்ரைக் திசையைப் பார்த்து நின்றால் சாய்வு வலப்பக்கம் இருக்கும்) சாய்வுத் திசையிலிருந்து 90-ஐக் கழியுங்கள். 180 பாகை திரும்பியிருந்தால் இடக்கை விதியில் எழுதிய குறிப்பேடு. 45, 225 பாகைக் குறிகள் மட்டும் சரி, மற்றவை தப்பு என்றால் ஒரு மென்பொருள் வடக்கிலிருந்து வலஞ்சுழியாகவும் மற்றது கிழக்கிலிருந்து இடஞ்சுழியாகவும் எண்ணுகிறது. எல்லாம் சில பாகை மட்டும் விலகினால் காந்த வடக்குத் திருத்தம் விட்டுப்போயிருக்கிறது, அல்லது இரண்டு முறை சேர்ந்திருக்கிறது. அந்தத் திருத்தம் ஆண்டுக்கு ஆண்டு மாறும், ஆய்வு நடந்த ஆண்டின் மதிப்பையே எடுங்கள். எல்லாக் குறியும் வடக்கையே பார்த்தால் கோண நெடுவரிசை காலி, அல்லது எழுத்தாகச் சேமிக்கப்பட்டிருக்கிறது.

## குறிவிளக்கத்தின் நிறமும் வரைபடத்தின் நிறமும் ஒத்துப்போகவில்லை

நிழல்படத்தின் மேல் அரைத் தெளிவாகப் பூசியதால் நிறம் மாறிவிட்டது. குறிவிளக்கப் பெட்டிகளையும் அதே சாம்பல் பின்னணியில் அதே தெளிவுடன் உருவாக்குங்கள். சிவப்பு பச்சை வேறுபாடு தெரியாதவர்களுக்கும், அச்சிட்டுப் பார்ப்பவர்களுக்கும் நிறம் மட்டும் போதாது. பகுதிக்குள் குறியீட்டையும் எழுதுங்கள்.

## பரப்பளவு கூடுதலாக வருகிறது

இணைய வரைபடங்களில் வழக்கமான 'இணைய மெர்கேட்டர்' புறவீச்சில் (உருண்டைப் புவியைத் தட்டையாக்கும் முறை) அளந்திருக்கிறீர்கள். 60 பாகை அட்சத்தில் அது பரப்பை நான்கு மடங்காக்கும். பரப்பைக் காக்கும் புறவீச்சிலோ நீள்வட்டத்தின் மேலோ கணக்கிடுங்கள்.

## திருத்திய பிழை அடுத்த வெளியீட்டில் திரும்பி வருகிறது

வெளியீட்டுப் பிரதியில் திருத்தியிருக்கிறீர்கள், மூலத்தில் அல்ல. அடுத்த முறை மூலத்திலிருந்து வெளியிட்டதும் பழைய பிழை உயிர்பெற்றுவிட்டது. வெளியீட்டுக் கோப்புகளைப் படிக்க மட்டும் அனுமதியுள்ளவையாக மாற்றுங்கள். பொதுமக்கள் அனுப்பும் புகார் ஒவ்வொன்றுக்கும் இடம், தேதி, எந்தப் படியில் பிறந்த பிழை, மூலத்தில் என்ன மாற்றம் என்று நான்கு நெடுவரிசையில் பதிவு வையுங்கள். வரைபடத்துக்குப் பதிப்பெண் கொடுத்து, இந்தப் பதிவையும் பதிவிறக்கும் பொதிக்குள்ளேயே சேர்த்துவிடுங்கள். பழைய பிரதியை வைத்திருப்பவர் தன்னிடம் இருப்பது எந்தப் பதிப்பு, அதில் எந்த எல்லை மாறியிருக்கிறது என்று தானே பார்த்துக்கொள்ள முடியும்.